ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள்

மே இருபத்தொன்பது, சனிக்கிழமை, மாலை நாலே முக்காலுக்குச் சிட்டிபாபு கையெழுத்துப் போட்டான்.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறைதான் கால்பந்து லீக் அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு மின்விசிறி. மேசைக்கு அந்தப் பக்கம் லீக் செயலாளர் ராம்ப்ரஸாத். அமெரிக்காவில் நாலு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, வேலை போய், ஊர் திரும்பியவன்.

"செவ்வாய்க்கிழமை பண்ணிக்கலாமே," என்றான் ராம்ப்ரஸாத். "ஒண்ணாம் தேதி. மூணு நாள்தானே?"

"இன்னிக்கே பண்ணிடுங்க சார்."

"பதினோராவது விதியப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

படிக்கவில்லை.

"நமச்சிவாயம் சார்கிட்ட ஒரு வார்த்தை…"

"மொதலாளி சரிகை எடுக்க சூரத் போயிருக்காரு. டீம் விசயம் பூரா என் பொறுப்பு. எழுதியே குடுத்துக்கிறாரு இல்ல?"

"குடுத்திருக்கார்."

"அப்பறம் இன்னா சார்?"

செவிலிமேடு அணியின் மேலாளர் வேணுகோபால் தன் கையெழுத்தை முன்பே போட்டிருந்தார். டீ வரும்வரைகூட உட்காரவில்லை. கைகொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ராம்ப்ரஸாத் பதிவேட்டில் நேரத்தை எழுதினான். சத்யராஜ் செவிலிமேட்டுக்கு. பதிலுக்குச் சீனிவாசன் நமச்சிவாயம் அணிக்கு.

"பதிவாயிடுத்துன்னா திருப்ப முடியாது."

"யாரு திருப்பச் சொன்னாங்க?"

*

அணியைத் தொடங்கியவன் சிட்டிபாபு. முப்பத்துநாலு வயது. வீடுவீடாகப் போய்த் தறிகளில் சேலைக்குப் பூ வேலை எடுக்கும் ஜக்கார்டு பெட்டி மாட்டுவது, பழுது பார்ப்பது அவன் தொழில். பட்டுக்கடை நமச்சிவாயத்திடம் நடையாய் நடந்து, பந்தும் சட்டையும் வாங்க வைத்து, பதினோரு பேரைச் சேர்த்தவன். கேப்டனும் அவன், மேலாளரும் அவன். இன்னும் இரண்டு வருஷம் ஓடலாம் என்று முழங்கால் சொன்னது. அந்த இரண்டு வருஷமும் அது அவனுடைய அணியாக இருக்க வேண்டும். வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

சத்யராஜையும் அவன்தான் கண்டுபிடித்தான். வாலாஜாபாத்தில் ஒரு பொங்கல் போட்டியில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தான். இருபத்தொரு வயது. சிட்டிபாபு அவனை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து அழைத்துவந்தான். முதல் வருஷம் சத்யராஜ் பதினேழு கோல் போட்டான். சிட்டிபாபு இரண்டு.

பெனால்டி எப்போதும் சிட்டிபாபுதான் அடிப்பான். கடைசி ஆட்டத்தில் பெனால்டி கிடைத்தது. அவன் பந்தை வைக்கும்போது ஓரத்திலிருந்து கூட்டம் சத்யராஜ் பெயரைக் கத்தியது. சத்யராஜ் தலையைக் குனிந்துகொண்டு தள்ளி நின்றான். சிட்டிபாபு அடித்தான். உள்ளே போனது. கைதட்டினார்கள். ஒரு குழாயை மூடியதுபோல அது சீக்கிரம் நின்றது.

ஏப்ரலில் பிள்ளையார்பாளையத்தில் இந்திராணி வீட்டுத் தறிக்குப் போயிருந்தான். ஜக்கார்டு பெட்டியில் ஊசி சிக்கியிருந்தது. அவன் மேலே ஏறி நின்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து இந்திராணி கேட்டாள்.

"ஏம்பா, நீ சத்யராஜ் டீம்லதான் ஆடறியாமே?"

அவன் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. தேடி எடுக்க அரைமணி ஆனது.

மே மாதம் கட்டைப்பை வந்தது. கருட சேவைக்குச் சின்னக் காஞ்சிபுரம் வரும் கூட்டத்துக்கு ஐந்தாயிரம் பை இலவசமாகக் கொடுப்பது என்று நமச்சிவாயம் முடிவு செய்திருந்தார். ஒரு பக்கம் கடைப் பெயர். மறுபக்கம் அணியின் பெயரும் ஓர் ஆட்டக்காரன் படமும். மாதிரிப் பையைச் சிட்டிபாபுவிடம் கொடுத்துவிட்டுத்தான் சூரத்துக்கு ரயில் ஏறினார்.

"பாத்து ஓகே சொல்லிடு. சனிக்கிழமைக்குள்ள அச்சுக்குப் போவணும்."

பையில் சத்யராஜ் காற்றில் இருந்தான். கால் பந்தைத் தொடும் கணம்.

சிட்டிபாபுவின் மனைவி சுகாசினி அதை வாங்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திருப்பினாள். அடியைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது. அஞ்சு கிலோ தாங்கும்."

"படத்தச் சொல்றியா, பையச் சொல்றியா?"

"ரெண்டும்தான்."

மறுநாள் அதிலேயே காய்கறி வாங்கி வந்தாள். சத்யராஜ் முகத்துக்கு மேலே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் பையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினான். காலையில் அது மறுபடி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அன்றைக்கே வேணுகோபாலுக்கு போன் செய்தான்.

சீனிவாசனைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். இருபத்தெட்டு வயது. முன்வரிசைக்காரன். ஐந்தாறு கோல் போடுவான். ஓட்டம் சுமார், பேச்சு கம்மி. அவன் பெயரை யாரும் ஓரத்திலிருந்து கத்தி சிட்டிபாபு கேட்டதில்லை.

*

லீக்கில் ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. இந்த விதி ராம்ப்ரஸாத் கொண்டுவந்தது. லீக் வருவதற்கு முன் நடந்த போட்டியில் ஒரு பட்டுக்கடை நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வாங்கிவிட்டது. இறுதி ஆட்டம் ஒன்பதுக்குப் பூஜ்யம். அடுத்த வருஷம் பார்க்க யாரும் வரவில்லை.

முதல் கூட்டத்தில் ராம்ப்ரஸாத் விதிகளை விளக்கினான். அமெரிக்காவில் ஃபுட்பால் இப்படித்தான் நடக்கிறது என்றான். அங்கே பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள் என்பதையும் சொல்லிவிட்டான்.

"கையில புடிச்சிக்கினு ஓடற ஆட்டத்துக்குப் பேரு ஃபுட்பாலா சார்?" என்று சிட்டிபாபு கேட்டான். அறை முழுக்கச் சிரித்தது. ராம்ப்ரஸாத் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பதினோராவது விதியைப் படித்தான். சிட்டிபாபு பக்கத்திலிருந்தவனிடம் கையில் பிடித்து ஓடுவதைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கியபோது அவனுக்குக் கணக்கு மனப்பாடமாக இருந்தது. அணியின் இந்த வருஷச் செலவு தொண்ணூற்றெட்டாயிரம். சத்யராஜுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்துக்காக முப்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். அது வருஷத்துக்குப் பத்தாயிரமாகக் கணக்கில் வரும். சம்பளம் பன்னிரண்டாயிரம். ஆக, இருபத்திரண்டு போகிறது. சீனிவாசன் சம்பளம் பதினாலு வருகிறது. மொத்தம் தொண்ணூறு. எட்டாயிரம் மிச்சம். முதலாளிக்கு இதைச் சொன்னால் போதும்.

அட்வான்ஸ் ஆளோடு போகும். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறிக்காரர் முதலாளி மாறினால், புது முதலாளி பழையவரின் அட்வான்ஸை அடைத்துவிட்டு ஆளை அழைத்துப்போவார். அவன் போகும் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். அவன் அப்பா அந்த அட்வான்ஸை அடைக்க ஆள் வராமல் ஒரே கொட்டகையில் இருபத்தாறு வருஷம் நெய்தார். அதனால்தான் நமச்சிவாயம் அட்வான்ஸ் கொடுத்தபோது சிட்டிபாபு ஒருவன் மட்டும் வாங்கவில்லை; வருஷச் சம்பளம் பத்தாயிரத்தோடு சரி. எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றான். கேப்டன் கடன்காரனாக நிற்கக் கூடாது.

மாடியிலிருந்து நேரே அச்சகத்துக்குப் போனான். சட்டைப்பையிலிருந்து தன் போட்டோ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். ஐந்து வருஷம் பழையது. வயிறு இல்லை.

"ஆள் மாறிட்டான்," என்றான். "இதப் போடு."

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் சிட்டிபாபு வீட்டுக்குச் சத்யராஜ் வந்தான். துவைத்து மடித்த அணிச் சட்டை கையில்.

ஞாயிறு பயிற்சி முடிந்தால் ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் சிட்டிபாபு வீட்டில் சாப்பிடுவது வழக்கம். முட்டைக் குழம்பு. அன்றைக்கு அவன் யாரையும் கூப்பிடவில்லை. சுகாசினி வழக்கம்போல வைத்திருந்தாள்.

"வாடா வாலாஜாபாத்து. மத்தவங்க எங்க?"

"அண்ணிக்கு விசயம் தெரியாதா? நான் இப்போ செவிலிமேடு."

சுகாசினி கணவனைப் பார்த்தாள்.

"இன்னா சொல்றான்?"

"மாத்திக்கினோம். டீம்ல அதெல்லாம் இருக்கறதுதான்."

"யாரு மாத்தனது?"

சிட்டிபாபு தட்டைப் பார்த்தான். சத்யராஜ் முந்திக்கொண்டான்.

"அண்ணன் யோசிக்காம செய்யாது அண்ணி. என்னைக் கூட்டிக்கினு வந்ததே அண்ணன்தான்."

அவன் கோபமாக வந்திருந்தால் சிட்டிபாபு நிம்மதியாக இருந்திருப்பான். அவன் கோபமாக இல்லை. கையைக் கழுவிவிட்டு எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். சுகாசினி அவன் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள். சிட்டிபாபு தட்டில் ஒன்று. எப்போதும் அப்படித்தான் வைப்பாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தோன்றியது.

"புள்ளைக்கு மட்டும் ரெண்டா?"

"ஓடற புள்ள."

"நான் ஓடலியா?"

"நீ கத்தற. ஓடறது அவன்."

சத்யராஜ் சிரித்துவிட்டான். பிறகு வாயை மூடிக்கொண்டான். சிறிது நேரம் சாப்பிட்டான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அந்த முப்பதாயிரம் அட்வான்ஸ்ல மிச்சத்த நான் திருப்பிக் குடுக்கணுமா? வீட்ல கூரை போட்டுட்டோம்."

"நீ ஏன் குடுக்கற? வேணுகோபால் பாத்துப்பாரு."

"அவரக் கேட்டேண்ணா. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அது நமச்சிவாயம் டீம் தலையிலதான் இருக்கும்னாரு. சிரிச்சிக்கினே சொன்னாரு."

சிட்டிபாபு கையை எடுத்தான்.

"எப்ப சொன்னாரு?"

"நேத்தே. கையெழுத்துக்கு முன்னாடி."

முட்டை தட்டில் அப்படியே இருந்தது. சிட்டிபாபு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

*

மாடியறையில் ராம்ப்ரஸாத் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டான்.

"அட்வான்ஸ் குடுத்த டீமோடதுதான் சிட்டிபாபு. ஆள் போகலாம், அது போகாது. வருஷத்துக்குப் பத்துன்னு பிரிச்சு எழுதினோம். ஒரு பத்து போன வருஷம் முடிஞ்சுபோச்சு. மிச்சம் இருபது. ஆளை விட்டாலும் மாத்தினாலும் அந்த இருபதும் இந்த வருஷமே உங்க கணக்குல விழும்."

தொண்ணூற்றெட்டு என்று எழுதினான். அதில் இருபத்திரண்டைக் கழித்தான். இருபதைக் கூட்டினான். பதினாலைக் கூட்டினான். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"பத்தாயிரம் ஜாஸ்தி."

"ஒண்ணாம் தேதின்னீங்களே. அது இன்னா?"

"ஜூன் ஒண்ணுக்கு மேல மாத்தினா, இந்த வருஷப் பங்கு பத்து மட்டும் இந்த வருஷம். மிச்சப் பத்து அடுத்த வருஷத்துக்குப் போயிடும்." அவன் இருபதை அடித்துப் பத்து என்று எழுதினான். விடை ஒரு லட்சம் வந்தது. சரியாக ஒரு லட்சம். "அதனாலதான் செவ்வாய்க்கிழமைன்னேன்."

"காரணத்தச் சொல்லலியே சார்."

"படிச்சேன்னீங்களே."

ராம்ப்ரஸாத்தும் சத்யராஜின் ரசிகன்தான், மூன்று நாள் கிடைத்தால் யாராவது தடுத்துவிடுவார்கள் என்று காத்திருக்கிறான். நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிட்டிபாபு நினைத்தது அதுதான். அதைச் சொல்ல முடியாது.

"கேன்சல் பண்ணிடலாம். வேணுகோபால்கிட்ட நான் பேசறேன்."

"பதிவானது பதிவானதுதான். மத்த அஞ்சு டீமும் ஒத்துக்காது. பதிவான நேரத்துலேர்ந்து ரெண்டு நாள் டைம். நாளைக்கு நாலே முக்காலுக்குள்ள கணக்க ஒரு லட்சத்துக்குள்ள கொண்டுவரணும். இல்லன்னா இந்த வருஷம் உங்க டீம் லீக்ல இல்ல."

சிட்டிபாபு வெளியே வந்து வேணுகோபாலுக்கு போன் செய்தான். மூன்றாவது தடவை எடுத்தார்.

"சிட்டிபாபு, நீதானப்பா அவசரப்பட்ட? எனக்கு ஒண்ணும் அவசரமில்லியே," என்றார். பின்னால் யாரோ சத்யராஜ் பெயரைச் சொன்னார்கள். கைதட்டல் கேட்டது. பயிற்சி நடந்துகொண்டிருந்தது போலும்.

*

திங்கட்கிழமை நமச்சிவாயம் ரயில் நிலையத்திலிருந்து நேராக மாடியறைக்கு வந்தார். பெட்டியை வாசலிலேயே வைத்தார். விஷயத்தை சிட்டிபாபு போனில் சொல்லியிருந்தான். பாதியைச் சொல்லியிருந்தான்.

அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். மேசைமேல் அச்சகத்திலிருந்து வந்த முதல் கட்டைப்பை இருந்தது. சிட்டிபாபு கொண்டுவந்தது. எதற்குக் கொண்டுவந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பையில் அவன் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"எத்தினி அடிச்சாச்சு?"

"அஞ்சாயிரமும் முடிஞ்சிடுச்சாம் மொதலாளி."

"ம்."

மணி நாலு பத்து.

ராம்ப்ரஸாத் பட்டியலைப் பிரித்தான். பதினைந்து பெயர்கள். ஓர் அணியில் பதினாலு பேருக்குக் குறையக் கூடாது. ஆக, ஒருவரைத்தான் விடலாம். அந்த ஒருவர் போவதால் பத்தாயிரம் குறைய வேண்டும்.

"பழனி?" என்றார் நமச்சிவாயம். பழனி கோல்கீப்பர்.

"அவருக்குச் சம்பளம் ஆறு. அட்வான்ஸ்ல இன்னும் நாலு மிச்சம். இந்த வருஷக் கணக்குல ரெண்டுதான் இருக்கு. விட்டா நாலும் விழும். குறையறது நாலாயிரம்தான்."

அடுத்த பெயர். மூவாயிரம். அடுத்தது. இரண்டரை. விரல் பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்தது. எல்லோரும் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள். ஒருவன் தங்கை கல்யாணத்துக்கு, ஒருவன் மோட்டார் சைக்கிளுக்கு. அந்தப் பணம் ஒவ்வொருவனையும் அவனவன் இடத்தில் பிடித்துவைத்திருந்தது.

விரல் நின்றது.

"ரெண்டு பேர்தான் சார்," என்றான் ராம்ப்ரஸாத். "சீனிவாசன் புதுசா வந்தவர். அவர் அட்வான்ஸ் செவிலிமேடு கணக்குலயே நின்னுபோச்சு. விட்டா பதினாலு குறையும்." இரண்டாவது பெயரை அவன் சொல்லவில்லை. தாளை மேசைமேல் திருப்பி நமச்சிவாயம் பக்கம் தள்ளினான்.

நமச்சிவாயம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தார்.

"சீனிவாசன அனுப்பிடலாம் மொதலாளி," என்றான் சிட்டிபாபு.

"அவனையும் அனுப்பிட்டா முன்னால யாரு நிக்கறது?"

"நான் நிக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"சரி," என்றார் நமச்சிவாயம். "சத்யராஜ எதுக்கு அனுப்பின?"

"டீமுக்குத்தான் மொதலாளி. எட்டாயிரம் மிச்சமாவும்னு பாத்தேன்."

"செவ்வாய்க்கிழமைன்னு ராம்ப்ரஸாத் சொன்னாராம். மூணு நாள்ல இன்னா கொள்ள போயிருக்கும்?"

சிட்டிபாபு பையைப் பார்த்தான். நமச்சிவாயமும் பையைப் பார்த்தார். அவர் கொஞ்ச நேரம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சனிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும் என்று சொன்னது அவர்தான்.

"ஓ," என்றார்.

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடி நின்றது. மணி நாலரை. நாளைக்கு ஒன்றாம் தேதி.

ராம்ப்ரஸாத் ஒரு படிவத்தை எடுத்தான். அணியின் பெயர், விடுவிக்கப்படுபவர் பெயர், தேதி, நேரம். அணியின் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மேசைமேல் வைத்தான். கீழே மேலாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. அது சிட்டிபாபுவின் கோடு.

நமச்சிவாயம் கட்டைப்பையை எடுத்து, படம் உள்பக்கம் போகும்படி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. சந்தேகம் கேட்பவர்போலத்தான் கேட்டார்.

"அட்வான்ஸ் வேணாம், நான் எங்கியும் போவ மாட்டேன்னு அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொன்னது நீதானே, சிட்டி?"